‘மூன்ஸ்டோன்’: திருட்டு எந்தத் தேதியில் ஆரம்பிக்குது?

 இன்னைக்கு நாம எடுத்திருக்கிற புத்தகம் 1868-ல் வந்தது. பேரு ‘தி மூன்ஸ்டோன்’. எழுதினவர் வில்கி காலின்ஸ். இங்கிலீஷ்ல வந்த முதல் துப்பறியும் நாவலே இதுதான்னு டி.எஸ். எலியட் மாதிரி பெரிய ஆட்களே சொல்லியிருக்காங்க. இல்லைன்னு சண்டை போடுறவங்களும் இருக்காங்க. அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதை வந்தது 1887-ல். அதுக்கு 19 வருஷம் முன்னாடியே வந்த புத்தகம் இது. இப்போதைக்கு இது தெரிஞ்சா போதும்.

ஸ்பாய்லர் எச்சரிக்கையும் கொடுத்திடறேன். புத்தகம் வந்து 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. திருடன் யாருன்னு இந்த எபிசோடுல சொல்லிடுவேன். படிச்சிட்டு வந்து கேட்கிறேன்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்திடுங்க. காப்பிரைட் முடிஞ்ச புத்தகம், இணையத்துல இலவசமாவே கிடைக்குது.

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு ‘போஸ்ட்மார்ட்டம்’ தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு சிஸ்டம் படுத்துட்டா, அதைச் சரி பண்ணின பிறகு ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனிமே நடக்காம இருக்க என்ன செய்யணும். அதுல மேலேயே ஒரு கட்டம் இருக்கும்: பிரச்சினை ஆரம்பிச்ச நேரம். பார்க்க ரொம்பச் சின்னக் கட்டம். ஆனா மொத்த ரிப்போர்ட்டும் அதுலதான் நிக்குது. யூசர் புகார் கொடுத்த நேரத்தைப் போட்டா ஒரு காரணம் கிடைக்கும். மூணு மாசம் முன்னாடி யாரோ ஒரு வரியை மாத்தின நேரத்தைப் போட்டா வேற காரணம் கிடைக்கும். கடைசிப் பக்கத்துல யார் பேரு வரும்ங்கிறது அந்த முதல் கட்டத்திலேயே முடிவாகிடுது.

‘மூன்ஸ்டோன்’ நாவலை நான் அப்படித்தான் படிச்சேன். இது ஒரு வைரத் திருட்டுக் கதை. ஆனா திருட்டு நடந்த தேதின்னு எதைப் போடுறதுங்கிறதுதான் இதுல உண்மையான கேள்வி.

கதை, சுருக்கமா

முதல்ல பேரைப் பத்தி ஒரு விஷயம். மூன்ஸ்டோன்னு சொன்னதும் சந்திரகாந்தக் கல்னு நினைச்சிடாதீங்க. கதையில வர்றது ஒரு பெரிய மஞ்சள் வைரம். சோமநாதபுரம் கோயில்ல சந்திரக் கடவுள் சிலையோட நெற்றியில இருந்ததுன்னு காலின்ஸ் ஒரு கற்பனை வரலாறு கொடுக்கிறார். அதனாலதான் அந்தப் பேரு. அதைக் காக்க தலைமுறை தலைமுறையா மூணு பிராமணர்கள் பின்தொடர்ந்துகிட்டே இருக்காங்க.

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பகுதியில கடலோரமா ஒரு பெரிய வீடு. லேடி வெரிண்டரோட வீடு. அவங்க பொண்ணு ராச்சலுக்கு 1848 ஜூன் 21-ம் தேதி 18-வது பிறந்தநாள். அவளோட தாய்மாமன் கர்னல் ஹெர்ன்காஸ்டில் உயில்ல எழுதிவெச்சிட்டுப் போன வைரத்தை, உறவுக்காரப் பையன் ஃப்ராங்க்ளின் பிளேக் கொண்டுவந்து கொடுக்கிறான். அன்னைக்கு ராத்திரி விருந்துல அவ அதைப் போட்டுக்கிறா. தூங்கப் போகும்போது தன் அறையில இருக்கிற ஒரு அலமாரியில வெச்சிட்டுப் போறா. காலையில வைரம் இல்ல.

அந்த அலமாரியும் இந்தியாவுல செஞ்சதுதான். காலின்ஸ் இதைப் போற போக்குல சொல்லிட்டுப் போறார். அந்த வீட்டுல இந்தியா எங்கெல்லாம் இருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சா, நிறைய இடத்துல இருக்கு.

முதல்ல உள்ளூர் போலீஸ் வருது. வித்தை காட்டுறவங்க மாதிரி அந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்த மூணு இந்தியர்களைப் பிடிச்சு உள்ளே போடுது. திருட்டு நடந்த ராத்திரி அவங்க வேற ஊர்ல இருந்ததுக்குச் சாட்சி இருக்கு. இருந்தும் ஒரு வாரம் ஜெயில்ல வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் லண்டன்ல இருந்து சார்ஜென்ட் கஃப் வர்றார். ரோஜாச் செடி பைத்தியம். வந்ததும் கதவுல இருந்த ஈரப் பெயின்ட் லேசா கலைஞ்சிருக்கிறதைப் பார்க்கிறார். அந்தப் பெயின்ட் யாரோட துணியில ஒட்டியிருக்கோ, அவங்கதான் ராத்திரி அந்த அறைக்குப் போனவங்க. அந்தத் துணியைத் தேடுங்கங்கிறார்.

கஃப் முழுக் கற்பனை இல்ல. ஜோனதன் விச்சர்னு ஸ்காட்லாந்து யார்ட்ல நிஜமாவே ஒரு துப்பறிவாளர் இருந்தார். 1860-ல் ரோடு ஹில் ஹவுஸ்னு ஒரு வீட்டுல சின்னக் குழந்தை ஒன்னு கொலையாச்சு. அந்த வீட்டுப் பொண்ணு, 16 வயசு கான்ஸ்டன்ஸ் கென்ட்தான் செஞ்சிருக்கணும்னு விச்சர் சொன்னார். அவர் காட்டின முக்கியமான தடயம், காணாமப்போன ஒரு நைட்கவுன். கௌரவமான குடும்பத்துப் பொண்ணை ஒரு சாதாரண போலீஸ்காரன் எப்படிச் சொல்லலாம்னு ஊரே அவரைக் கழுவி ஊத்துச்சு. 1865-ல் அந்தப் பொண்ணே வந்து ஒத்துக்கிட்டா. அந்த நைட்கவுன்தான் மூணு வருஷம் கழிச்சு இந்த நாவலுக்குள்ள வருது.

நாவல்ல அந்த நைட்கவுன் கிடைக்கும்போது, அதுல தைச்சிருக்கிற பேரைப் படிக்கிறவன் ஃப்ராங்க்ளின் பிளேக். அது அவனோட பேர்தான். இத்தனை நாளா திருடனைத் தேடி அலைஞ்ச ஆளே வைரத்தை எடுத்தவன். அவனுக்கு அது தெரியவே தெரியாது. விருந்துல வைத்தியத்தைக் கிண்டல் பண்ணினான்னு, ஒரு டாக்டர் அவனுக்குத் தெரியாம ஓபியம் கலந்து கொடுத்திருக்கார். வைரம் பத்திரமா இருக்கணுமேங்கிற கவலையோட படுத்தவன், மயக்கத்துலேயே எழுந்து போய் அதை எடுத்திருக்கான். அவன் கையில இருந்து வாங்கி அமுக்கினவன் காட்ஃப்ரே ஏபிள்வைட். தர்ம காரியம், பெண்கள் சங்கம், மேடைப் பேச்சுன்னு ஊர்ல ரொம்ப நல்ல பேர் எடுத்த ஆள். தன்னை நம்பி ஒப்படைச்ச இன்னொருத்தர் பணத்தைச் செலவழிச்சிட்டு மாட்டிக்கிட்டவன். வைரத்தை அடகு வெச்சுடறான். கடைசியில அவனைக் கொன்னுட்டு மூணு பிராமணர்களும் வைரத்தோட கிளம்பிடறாங்க.

கேஸ் முடிஞ்சது. திருடன் காட்ஃப்ரே. ரிப்போர்ட்டை மூடிடலாமா?

முன்கதையில் இருக்கிற முதல் திருட்டு

மூட முடியாது. ஏன்னா புத்தகம் 1848-ல் ஆரம்பிக்கல. சில பக்கங்கள்ல ஒரு முன்கதை இருக்கு. அதோட தேதி 1799, இடம் ஸ்ரீரங்கப்பட்டணம்.

அது நிஜ வரலாறு. 1799 மே 4-ம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையை உடைச்சு உள்ளே போச்சு. திப்பு சுல்தான் அன்னைக்குச் சண்டையிலேயே செத்தார். படைக்குத் தலைமைத் தளபதி ஜெனரல் ஹாரிஸ், மெட்ராஸ் ராணுவத்தோட தளபதி. கோட்டைக்குள்ள பாய்ஞ்ச படையை நடத்தினவர் டேவிட் பேர்ட்.

இந்த நிஜத்துக்குள்ள காலின்ஸ் தன் கற்பனை ஆளான ஹெர்ன்காஸ்டிலைக் கொண்டுபோய் நிறுத்துறார். திப்புவோட ஆயுதக் கிடங்கு. உள்ளே ஓடிவர்ற சொந்தக்காரன் பார்க்கிறது இதைத்தான்: ஒரு கையில தீப்பந்தம், இன்னொரு கையில ரத்தம் சொட்டுற குத்துவாளோட ஹெர்ன்காஸ்டில் நிக்கிறான். குத்துவாள் பிடியில வைரம் மின்னுது. வாசல்ல ரெண்டு இந்தியர்கள் பொணமா கிடக்காங்க, மூணாவது ஆள் சாகும்போது சாபம் விடறான்.

இதைப் பார்த்த சொந்தக்காரன் என்ன செய்றான்? குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதறான். ஹெர்ன்காஸ்டில் குத்தினதை நான் கண்ணால பார்க்கல, அதனால என்னால குற்றம் சாட்ட முடியாது, ஆனா இனிமே அவனோட பேச மாட்டேன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிறான். குடும்பமும் ஹெர்ன்காஸ்டிலை ஒதுக்கி வைக்குது. அவ்வளவுதான். போலீஸ் இல்ல, விசாரணை இல்ல, பெயின்ட் கறையைத் தேடி யாரும் வரல. மூணு கொலையும் ஒரு திருட்டும் ஒரு குடும்பச் சங்கடமா சுருங்கிப் போச்சு.

அப்புறம் அதே குடும்பத்துல, அதே கல்லு, ஒரு சின்னப் பொண்ணோட அறையில காணாமப் போகுது. அதுக்கு லண்டன்ல இருந்து நாட்டிலேயே பெரிய துப்பறிவாளரைக் கூப்பிடறாங்க. ஆளாளுக்கு வாக்குமூலம் எழுதறாங்க. பல நூறு பக்கம் ஓடுது.

கஃப் எவ்வளவு புத்திசாலி! ஆனா அவர்கிட்ட கொடுத்த கேஸோட ஆரம்ப நேரம் 1848 ஜூன் 21 ராத்திரி. 1799-ஐ விசாரிக்கச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கல.

அனுமதி இருந்தா அது திருட்டு இல்லையா?

முன்கதையில இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஹெர்ன்காஸ்டில் செஞ்சது தப்புன்னு நாவல்ல ராணுவம் நினைக்கிறதுக்குக் காரணம், அவன் உத்தரவை மீறிக் கொள்ளையடிச்சான்ங்கிறது. கொள்ளையடிச்சு மாட்டினா தூக்குன்னு ஜெனரல் பேர்ட் சொல்லியிருக்கார். நிஜத்திலும் மறுநாள் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாடி வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயிச்ச அதே ஆள், சிலரைத் தூக்குல போட்டுத்தான் கொள்ளையை நிறுத்தினார்.

அப்போ திப்புவோட கஜானா அப்படியே பத்திரமா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. அதுக்கு ஒரு முறை இருந்துச்சு. ‘பிரைஸ்’னு சொல்வாங்க. ஜெயிச்ச ராணுவம் ஒரு கமிட்டி போடும். கிடைச்ச தங்கம், நகை, துணி எல்லாத்தையும் மதிப்புப் போட்டு, பதவிக்கு ஏத்த மாதிரி பங்கு பிரிக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஹாரிஸுக்குக் கிடைச்ச பங்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல. அடிமட்டச் சிப்பாய்க்கு சில பவுண்டுகள். திப்புவோட தங்கச் சிம்மாசனம் பங்கு பிரிக்கிறதுக்காகத் துண்டு துண்டா உடைக்கப்பட்டுச்சு. அதோட பெரிய புலித்தலையும், மேல இருந்த ஹுமா பறவையும் இன்னைக்கு பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்புல இருக்கு. சிம்மாசனத்தோட விளிம்புல இருந்த சின்னப் புலித்தலைகள்ல ஒன்னு வேல்ஸ்ல போவிஸ் கோட்டையில இருக்கு. அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தோட வீடு அது.

எங்க தொழில்ல ‘ஆத்தரைசேஷன்’னு ஒன்னு பேசுவோம். ஒரு ஆளுக்கு ஒரு காரியம் செய்ய அனுமதி இருக்கா இல்லையாங்கிறது. சிஸ்டம் அதை மட்டும்தான் பார்க்கும். அந்தக் காரியம் சரியா தப்பாங்கிறது சிஸ்டத்துக்குத் தெரியாது. 1799-ல் அதேதான் நடந்துச்சு. தனியா எடுத்தா திருட்டு, கமிட்டி போட்டு எடுத்தா பிரைஸ். எடுக்கப்பட்ட பொருளும், பறிகொடுத்த ஆளும் ரெண்டிலும் ஒன்னுதான். ‘லூட்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தையே இந்தி ‘லூட்’ல இருந்து போனதுதான். பொருளோட சேர்த்து அந்தப் பொருளை எடுத்ததுக்கான வார்த்தையையும் எடுத்துக்கிட்டாங்க.

கொள்ளைக்கு எதிரா உத்தரவு போட்டவரா நாவல்ல வர்ற பேர்டுக்கு, நிஜத்துல ராணுவம் ஒரு பரிசு கொடுத்துச்சு. திப்புவோட படுக்கையறையில கிடைச்ச வாள். 2023 மே மாசம் லண்டன்ல அது ஏலத்துக்கு வந்துச்சு. 1.4 கோடி பவுண்டுக்குப் போச்சு.

யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது

இந்த நாவலோட அமைப்பு எங்க ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஆள் கதை சொல்றது கிடையாது. ஃப்ராங்க்ளின் பிளேக் எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கறான்: நீங்க கண்ணால பார்த்ததை மட்டும், உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க. ஒவ்வொரு சர்வரோட லாகையும் வாங்கி நேர வரிசையில அடுக்குற மாதிரி. வீட்டு மேலாளர் கேப்ரியல் பெட்டரெட்ஜ் எழுதறார்; எந்தக் கஷ்டம் வந்தாலும் ‘ராபின்சன் குரூஸோ’வைத் திறந்து பதில் தேடுற மனுஷன். மிஸ் கிளாக் எழுதறாங்க. போற வீட்டுல எல்லாம் பக்திப் பிரசுரங்களை ஒளிச்சு வெச்சிட்டு வர்ற அம்மா. வக்கீல் எழுதறார், கஃப் எழுதறார். எல்லாமே சுவாரஸ்யமா இருக்கு, பல இடங்கள்ல சிரிப்பும் வரும்.

ஆனா யாரோட லாக் இல்லன்னு பாருங்க. வைரத்தோட சொந்தக்காரியான ராச்சலுக்கு ஒரு அத்தியாயம் கூட இல்ல. ஃப்ராங்க்ளின் அதை எடுக்கிறதைக் கண்ணால பார்த்தவ அவ. அவன் மேல இருந்த காதலால வாயைத் திறக்கல. வேலைக்காரப் பொண்ணு ரொசான்னா, அவளும் ஃப்ராங்க்ளினை விரும்பினவ, அந்த நைட்கவுனை ஒளிச்சு வெச்சிட்டு கடற்கரைப் புதைமணல்ல உயிரை விட்டுடறா. அவளோட குரல் ஒரு கடிதமா மட்டும்தான் வருது, அதுவும் செத்த பிறகு. எஸ்ரா ஜென்னிங்ஸ்னு ஒரு மருத்துவ உதவியாளர் வர்றார். அப்பா ஆங்கிலேயர், பிறந்தது ஏதோ ஒரு காலனி நாட்டுல. அம்மா யாருன்னு சொல்ல வர்றப்போ பாதியிலேயே நிறுத்திடறார். முகத்தைப் பார்த்தே ஊர்ல யாரும் அவரை நம்பறதில்ல. மொத்தப் புதிரையும் அவிழ்க்கிறது அவர்தான்.

அந்த மூணு பிராமணர்களுக்கு ஒரு பக்கம் கூட இல்ல. அவங்களைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, அவங்க எழுதறதில்ல. வாழ்நாள் முழுக்க அந்தக் கேஸை விசாரிச்சவங்க அவங்கதான். அவங்க கணக்குல ஆரம்பத் தேதியும் வேற.

காலின்ஸைப் பெரிய புரட்சியாளரா காட்டுறது என் நோக்கம் இல்ல. அந்த இந்தியர்களை அவர் புலி மாதிரி, பூனை மாதிரின்னு காட்டுற இடங்கள் இருக்கு. கையில மை ஊத்தி ஒரு பையனை வெச்சுக் குறி பார்க்கிற காட்சியும் இருக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார வாசகர் எதிர்பார்த்த இந்தியா அது. ஆனா எந்தச் சூழல்ல இதை எழுதினார்னும் பார்க்கணும். 1857 கிளர்ச்சி முடிஞ்சு 10 வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அப்போ இங்கிலாந்துல இருந்த கோபம் சாதாரணமானது இல்ல. அந்த இனத்தையே ஒழிச்சுக் கட்டணும்னு ஒரு தனிப்பட்ட கடிதத்துல எழுதினவர் சார்லஸ் டிக்கன்ஸ். ‘மூன்ஸ்டோன்’ 1868 ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வாரத் தொடரா வந்தது அதே டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையிலதான். அங்கே உட்கார்ந்துகிட்டு, இந்த வைரம் இங்கே வந்ததே கொலையாலதான்னு முதல் வாரத்திலேயே எழுத ஒரு துணிச்சல் வேணும்.

ஃப்ராங்க்ளின் பிளேக்கையே எடுத்துக்கோங்க. நல்லவன், படிச்சவன், நேர்மையா தேடறவன். அவன்தான் எடுத்தான், அவனுக்கே தெரியாது. தாத்தா காலத்துல எடுத்த சொத்துல சுகமா வாழ்ந்துகிட்டு, நாங்க யாரோடதையும் எடுக்கலையேன்னு மனசார நம்பின ஒரு தலைமுறைக்கு இதைவிடச் சரியான உருவம் கிடைக்காதுன்னு நான் நினைக்கிறேன். காலின்ஸ் இதை இப்படி யோசிச்சுத்தான் எழுதினாரான்னு கேட்டா, அது வேற விவாதம். புத்தகத்துல இருக்கு.

இதோட இன்னொரு நாவலை ஒப்பிட்டுப் பாருங்க. 1890-ல் கானன் டாயில் எழுதின ‘தி சைன் ஆஃப் ஃபோர்’. அதுலயும் இந்தியப் புதையல்தான், 1857 சமயத்துல ஆக்ராவுல கொலை செஞ்சு எடுத்தது. கடைசியில அது தேம்ஸ் நதிக்குள்ள போயிடுது. அது யாரோடதுன்னு யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. ஹீரோயின் பணக்காரி ஆகலங்கிறதால வாட்சன் தைரியமா காதலைச் சொல்றார். கதைக்கு வசதியான முடிவு. காலின்ஸ் கல்லை ஆத்துல போடல. திருப்பி அனுப்பறார்.

1868 ஏப்ரல்

இந்தத் தொடர் வந்துகிட்டு இருக்கும்போதே நிஜ உலகத்துல ஒன்னு நடந்துச்சு. 1868 ஏப்ரல் 13-ம் தேதி, எத்தியோப்பியாவுல மக்டாலா கோட்டையை பிரிட்டிஷ் படை பிடிச்சது. பேரரசர் தெவோத்ரோஸ் தற்கொலை பண்ணிக்கிட்டார். கோட்டையில இருந்த கிரீடம், சுவடிகள், தேவாலயப் பொருட்கள் எல்லாத்தையும் வாரிக்கிட்டு, 15 யானை, கிட்டத்தட்ட 200 கோவேறு கழுதை மேல ஏத்திக்கிட்டு வந்து ஏலம் விட்டாங்க. ஏலப் பணம் படைவீரர்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டுச்சு. 1799-ல் இருந்த அதே முறை. ஏலத்துல பிரிட்டிஷ் மியூசியத்தோட ஆளும் இருந்தார்.

அதாவது ஸ்ரீரங்கப்பட்டணக் கொள்ளையில ஆரம்பிச்ச கதையை வாராவாரம் படிச்சுக்கிட்டு இருந்த அதே வாசகர்கள், அதே மாசத்துல செய்தித்தாள்ல மக்டாலாவைப் படிச்சிருக்காங்க.

இந்த மாதிரி விஷயம் பேசினா, அது அந்தக் காலத்து வழக்கம், இன்னைக்கு உள்ள அளவுகோலை வெச்சுப் பேசக்கூடாதுன்னு ஒரு பதில் வரும். சரி, அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கலாம். 1871-ல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் நாடாளுமன்றத்திலேயே எழுந்து, மக்டாலாவில இருந்து அந்தப் பொருட்களைக் கொண்டுவந்திருக்கவே கூடாதுங்கிற அர்த்தத்துல வருத்தம் தெரிவிச்சார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி காலின்ஸ் நாவலே எழுதிட்டார். தப்புன்னு தெரிஞ்சவங்க அன்னைக்கே இருந்தாங்க. பொருட்கள் பெரும்பாலும் இன்னும் அங்கேதான் இருக்கு.

யார்கிட்ட திருப்பிக் கொடுக்கிறது?

நாவலோட கடைசிக் காட்சி சோமநாதபுரத்துக்குப் பக்கத்துல. மர்த்வெயிட்ங்கிற பயணி மாறுவேஷத்துல போய்ப் பார்த்து எழுதறார். ஆயிரக்கணக்கான ஜனம். திரை விலகுது, நிலவொளியில சந்திரக் கடவுளோட நெற்றியில அந்த மஞ்சள் வைரம். மூணு பிராமணர்களும் அங்கேயே ஒருத்தரை ஒருத்தர் தழுவிக்கிட்டுப் பிரியறாங்க. கடல் தாண்டினதாலயும் மாறுவேஷம் போட்டதாலயும் அவங்க சாதியை இழந்தாச்சு. இனிமே மூணு பேரும் மூணு திசையில சாகும்வரை தனித்தனியா நடக்கணும். கல்லு வீடு திரும்பிடுச்சு, அதை மீட்டவங்களுக்கு வீடு இல்ல. இந்த இடத்தைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன்.

அந்தக் கடிதத்துக்கு காலின்ஸ் போட்டிருக்கிற வருஷம் 1850. நிஜத்துல 1850-ல் என்ன நடந்துச்சு? கோஹினூர் லண்டன் போய்ச் சேர்ந்துச்சு. முந்தின வருஷம்தான் பஞ்சாபை எடுத்துக்கிட்டு, 10 வயசுப் பையனான மகாராஜா துலீப் சிங்கை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வெச்சு வாங்கியிருந்தாங்க. 1850 ஜூலையில விக்டோரியா ராணி கையில கொடுத்தாங்க. நாவல்ல ஒரு வைரம் இந்தியாவுக்குத் திரும்பின அதே வருஷம், நிஜத்துல ஒரு வைரம் அங்கே போச்சு. தற்செயலா இருக்கலாம். ஆனா தன்னோட கதைக்கு ரெண்டு நிஜ வைரங்கள் ஆதாரம்னு காலின்ஸே முன்னுரையில சொல்றார். ஒன்னு கோஹினூர். இன்னொன்னு ரஷ்யப் பேரரசர்களோட செங்கோல்ல இருக்கிற வைரம், அதாவது ஆர்லோவ். அது இந்தியச் சாமி சிலையோட கண்ணா இருந்ததுன்னு அவர் எழுதறார். அந்தச் சாமி நம்ம ஸ்ரீரங்கம் ரங்கநாதர்தான்னும், ஒரு பிரெஞ்சு சிப்பாய் பக்தன் மாதிரி நடிச்சு எடுத்துக்கிட்டு ஓடிட்டான்னும் ஒரு கதை ரொம்ப காலமா சொல்லப்படுது. கதைதான், ஆதாரம் கிடையாது. செங்கோல் மாஸ்கோவுல கிரெம்ளின்ல இருக்கு.

சரி, எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சுதான்னு கேட்டா, காலின்ஸே அதைச் சுலபமா விடல. நாவல்ல அந்தக் கல்லு ஆங்கிலேயர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு முறை கொள்ளை போயிருக்கு. ஔரங்கசீப் காலத்துல ஒரு முகலாய அதிகாரி எடுக்கிறார், அப்புறம் கை மாறி மாறி திப்புகிட்ட வருது. கோஹினூரும் அப்படித்தான், முகலாயர், பாரசீகர், ஆப்கானியர், சீக்கியர்னு கை மாறி வந்த கல்லு. அவங்கவங்க ஒரு தேதியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசலாம். ஆங்கிலேயர் பக்கத்துக்கும் ஒரு தேதி இருக்கு. 1780-ல் நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புள்ளலூர்ல நடந்த சண்டையில, ஹைதர் அலி படை கம்பெனிப் படையை நொறுக்குச்சு. அன்னைக்குக் காயப்பட்டுப் பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் டேவிட் பேர்ட். மூணரை வருஷத்துக்கு மேல ஸ்ரீரங்கப்பட்டணத்துல சிறை. 1799-ல் அதே ஊருக்குள்ள வாளோட ஓடிவந்த பேர்டைக் கேட்டா, கணக்கு அன்னைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னு சொல்லியிருப்பார்.

அப்போ எந்தத் தேதியும் சரியில்லைன்னு விட்டுடலாமா? விடக்கூடாதுங்கிறது என் கருத்து. எங்க வேலையில, ஆரம்ப நேரம் தெளிவா இல்லாதப்போ அந்தக் கட்டத்தை யாரும் காலியா விட மாட்டாங்க. தெரிஞ்ச எல்லா மாற்றங்களையும் வரிசையா எழுதுவாங்க, இதையும் பாருங்கன்னு. தேதி குழப்பமா இருக்கிறது ரிப்போர்ட்டே எழுதாம இருக்கக் காரணம் ஆகாது. அதிலும் பொருள் இப்போ யார் கையில இருக்கோ அவங்களே அந்தக் காரணத்தைச் சொன்னா, இன்னும் கவனமா கேட்கணும்.

2021 நவம்பர்ல ஒரு செய்தி வந்துச்சு. திப்பு சிம்மாசனத்தோட சின்னப் புலித்தலைகள்ல ஒன்னு, மதிப்பு 15 லட்சம் பவுண்ட், விற்பனை மூலமா வெளிநாட்டுக்குப் போகிற நிலை. உடனே பிரிட்டிஷ் அரசு அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தற்காலிகத் தடை போட்டுச்சு. நாட்டுக்கு முக்கியமான பொருள், இங்கேயே இருக்கணும்னு காரணம். எந்த நாட்டுக்குன்னு கேட்கத் தோணுதில்ல? அந்தத் தடை சட்டப்படி சரிதான். அந்தச் சட்டத்துக்குக் கணக்கு ஆரம்பிக்கிற தேதி வேற, அவ்வளவுதான்.

அடுத்த முறை ஏதாவது மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னா, அது லண்டனா இருக்கலாம், எழும்பூரா இருக்கலாம், கீழே இருக்கிற சின்ன அட்டையைப் படிங்க. பொருளோட பேர், காலம், என்னால செஞ்சதுன்னு இருக்கும். அது எப்படி அங்கே வந்துச்சுன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த வரி எந்த வருஷத்துல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அதுக்கு முந்தின வருஷம் அது யார்கிட்ட இருந்துச்சுன்னு தேடுங்க. கஃப் தேடாம விட்டது அதைத்தான்.

புத்தகத்தைப் படிங்க. பெட்டரெட்ஜுக்காகவே படிக்கலாம், அவ்வளவு ஜாலியான மனுஷன். படிச்சிட்டு உங்க கணக்குல திருடன் யாருன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.